நான் எழுதிக்கொடுத்த முந்நூற்றுப் பத்து

லேப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே அவர் சொல்லிவிடுவார்: "தயிரும் உட்டுட்டேன் சார்."

அதற்கு முந்தைய முறை தேங்காய். அதற்கும் முன்னால் முட்டை, கறி, நெய். மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் அவர் இதைச் சொல்வார். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டையின் கையைத் தானே மடித்துவிடுவார். ஊசி ஏறும்போது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் திருப்பமாட்டார். சிரிஞ்சுக்குள் ஏறுகிற ரத்தத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார்.

"இன்னா சார், கொறஞ்சிருக்கும்ல?"

"டெஸ்ட் பண்ணாம எப்படிங்க சொல்றது?"

"இல்ல, பாத்தா கொஞ்சம் தண்ணியா தெரியுதே."

ரத்தத்தைப் பார்த்து அதில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அவருடையதை மெஷினில் சுற்றிப் பிரித்தால் மேலே நிற்கிற சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக, என்னுடையதைப் போலவே இருக்கும். அமிலங்களை ஊற்றி இருட்டில் கொஞ்சநேரம் வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். மற்றவர்களுடைய குழாய் இளம்பச்சையாக மாறும். அவருடையது பாசி பிடித்த குளம் மாதிரி ஆகிவிடும்.

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு அறை, கையால் சுற்றுகிற ஒரு மெஷின், நிறத்தின் அடர்த்தியை எண்ணாகக் காட்டுகிற, முள் நடுங்குகிற ஒரு கலரிமீட்டர். அவர் திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்திரண்டு. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் வீட்டார் யாராவது இதைப் படிக்கக்கூடும். அதோடு, நான் சொல்லப்போவதில் எனக்குப் பெருமையான விஷயம் எதுவும் இல்லை.

முதல்முறை அவர் வந்தது கொலஸ்ட்ராலுக்காக இல்லை. கை விரல்களின் கணுக்கள் மேல் புளியங்கொட்டை அளவில் மஞ்சள் பாய்ந்த கட்டிகள் இருந்தன. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாண் ஒரு விரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது. அந்தக் கையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் ஜனங்கள் வாங்கத் தயங்கினார்கள். பெரியபாளையத்தில் ஏறின ஒரு அம்மாள் முந்தானையால் விரலைச் சுற்றிக்கொண்டு டிக்கெட்டை வாங்கினாளாம். குஷ்டம் என்று பேச்சு கிளம்பி முதலாளி காதுக்குப் போய்விட்டது. டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பெரிய டாக்டர் அந்தக் கட்டிகளைக் குண்டூசியால் குத்திப் பார்த்தார். கண்டக்டர் 'ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டார். உணர்ச்சி இருந்தது. டாக்டர் அவர் கண்களை விரித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், கிழவர்களுக்கு இருப்பது போல.

"உங்க அப்பா இருக்காரா?"

"நைனா பூட்டாரு சார். நாப்பது வயசுல. ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு, அப்படியே உக்காந்தாரு. எங்க அண்ணனும் அதே மாதிரிதான். முப்பத்தாறு."

"குஷ்டம் இல்லை. கொழுப்பு. ரத்தத்துல கொழுப்பு வழிஞ்சு தோலுக்கு அடியில தேங்குது," என்று டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

நானூற்று எண்பது வந்தது. இருநூறைத் தாண்டினாலே புருவத்தை உயர்த்துகிற டாக்டர் அவர். நான் எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று திரும்பச் செய்தேன். மறுபடியும் நானூற்று எண்பது.

குஷ்டம் இல்லை என்று சர்ட்டிபிகேட் கிடைத்தபோது அவர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், இனி முட்டை, கறி, நெய் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "எல்லாத்தியும் உட்டுட்டா செரியாயிடும் இல்ல சார்?" என்று கேட்டார். "ஆயிடும்," என்றார் டாக்டர்.

விடுவது என்று ஒன்று இருந்தால் அதை அவர் அளவுக்குச் செய்தவரை நான் பார்த்ததில்லை. ஆடி மாதம் பெரியபாளையத்தில் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, கோழி அறுத்து, மரத்தடியில் சொந்தக்காரர்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறபோது அவர் நடுவில் உட்கார்ந்து வெறும் ரசம் சோறு சாப்பிட்டாராம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டிரைவர் நாஷ்டாவுக்குப் பூரி வாங்கினால் இவர் வெறும் இட்லி வாங்குவார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் கஷ்டமே இருக்காது. கணக்குப் பாடத்தில் வழி தெரிந்துவிட்ட மாணவன் முகம் மாதிரி இருக்கும்.

மூன்று மாதம் கழித்து நானூற்று எழுபது. அதற்கும் மூன்று மாதம் கழித்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து.

"என்னய்யா, எங்க போய்த் தின்னுட்டு வர்றே?" என்று டாக்டர் கத்தினார். லேப் வரைக்கும் கேட்டது. "வீட்ல விட்டுட்டா ஆச்சா? பஸ் போற வழியெல்லாம் கடை இருக்கே!"

"சத்தியமா இல்ல சார்."

"ரத்தம் பொய் சொல்லுமா? நீ சொல்லுவே."

வெளியே வந்து என் கதவருகே நின்றார். கோபம் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார். "இன்னும் எதுவோ ஒண்ணு உள்ள போய்க்கினுதான் கீது சார். அது இன்னான்னு கண்டுபுடிக்கணும்," என்றார். அப்புறம் எண்ணெய் தாளிப்பு போயிற்று. தேங்காய் போயிற்று. தயிர் போயிற்று. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஆனால் விரல் கணுவில் இருந்த கட்டிகள் மட்டும் கொஞ்சமும் வற்றவில்லை. மெலிந்த கையில் அவை இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

ஒருநாள் ஒரு சந்தேகத்தில் என் ரத்தத்தையே எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். தினமும் இரண்டு முட்டை ஆம்லெட்டும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு போண்டாவும் சாப்பிடுகிறவன் நான். நூற்று அறுபத்தெட்டு வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த முறை அவர் வந்து, "டீயும் உட்டுட்டேன் சார், பால் கீதே அதுல," என்றபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. என்ன சொல்வது? எனக்கே காரணம் தெரியாதே.

இந்த நிதானமான மனிதர் இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் கடுமையாக இருந்தார். ஒருவர் அவருடைய அண்ணி. "எங்க அண்ணனுக்கு ஈரல்னா உசுரு சார். அந்தப் பொம்பள வாரத்துக்கு ரெண்டு வாட்டி வறுத்து வறுத்துப் போட்டு அவன அனுப்பி வச்சிட்டா. நான் அவங்ககிட்ட பேசறதில்ல," என்பார். இன்னொருவர் அவருடைய மனைவி என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

அந்த முறை அவர் மனைவியோடு வந்திருந்தார். நான் ரத்தம் எடுத்து முடித்ததும் அவரை டாக்டர் கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் லேப் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பது போலப் பார்த்தாள். ஒடிசலான உடம்பு, தூக்கம் இல்லாத கண்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். அவுருகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லும்மா."

"மூணு மாசமா அவுரே ஒல வச்சி சோறாக்கிக்கினு கீறாரு. நான் தொட்ட கரண்டியத் தொடறதில்ல. ரசம் சட்டிய மோந்து மோந்து பாக்கறாரு. இளைச்சிப் போறாரேன்னு நான் பாவப்பட்டு, தெரியாம எண்ணெய ஊத்திடறேனாம். பெரியபாளையத்து பவானியம்மா மேல ஆணையா அண்ணா, ஒரு சொட்டு ஊத்தினதில்ல." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கொழந்த எதிர்லயே என்னைத் திருடி மாதிரி பாக்கறாரு. இந்த வாட்டியாவது கொறஞ்சி வந்துச்சின்னா உட்டுடுவாரு. பேஜாரா கீது அண்ணா."

அவள் போன பிறகு நான் டெஸ்டை முடித்தேன். நானூற்றுத் தொண்ணூறு. கலரிமீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். எதற்கென்று தெரியாமல் ஒரு ஆத்திரம் வந்தது. அந்த முள் மேல், டாக்டர் மேல், அவர் மேல். இரண்டு வருஷமாக ஒரு மனிதன் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்து நிற்கிறான், நான் அதே காகிதத்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுத்து முந்நூற்றுப் பத்து என்று எழுதினேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"பாத்தியா? பாத்தியா இப்ப? ஒழுங்கா இருந்தா இறங்குதா இல்லையா? இவ்வளவு நாளா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கே."

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"மூணு மாசம் நானே ஆக்கித் துன்னேன்," என்றார். "கொறஞ்சிடுச்சி."

அந்த அம்மாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த முறை அவர் தனியாக வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், சட்டைக் கையை மடித்தார்.

"அவளையும் அனுப்பிட்டேன் சார். பொதட்டூர்பேட்டையில அவங்கம்மா ஊட்டுக்கு. பொண்ணையும் கூட்டிக்கினு பூட்டா."

தயிரை விட்டதைச் சொன்ன அதே குரல். ஊசி நரம்பில் ஏறவில்லை, இரண்டாம் தடவை குத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு நானூற்று எண்பத்தெட்டு. உள்ளபடியே எழுதினேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. நான் சொல்லவில்லை. வேலை போய்விடும், வேறு எங்கும் கிடைக்காது என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை.

அவர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏறிடுச்சே. அவதான் இல்லியே," என்று தனக்குள் சொன்னார். பிறகு முகம் தெளிந்தது. "ஒருவேள பஸ் ஸ்டாண்டு இட்லியா இருக்கும் சார். தட்டுல எண்ணெய் தடவறான் பாருங்க. அதியும் உட்டுடறேன்."

பெரிய டாக்டர் மகளுடைய பிரசவத்துக்காக இரண்டு மாதம் டெல்லி போனார். அவர் இடத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். கண்டக்டர் வந்தபோது அவர் விரல்களைத் தடவிப் பார்த்தாள், குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள், அப்பா, அண்ணன் கதையைக் கேட்டாள். அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்து பழைய காகிதங்களை வரிசையாக மேஜையில் பரப்பினாள்.

"இந்த மனுஷன் என்னதான் சாப்பிடறார்?"

சொன்னேன். கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருமே இவர்கிட்ட சொல்லலையா? கொலஸ்ட்ரால் வெளியில இருந்து மட்டும் வர்றதில்லைங்க. அது இல்லாம உடம்பே கிடையாது. ஒவ்வொரு செல்லோட சுவருக்கும் அது வேணும். அதனால சாப்பாட்டை நம்பி இருக்காம உடம்பு தானே செஞ்சுக்குது. கல்லீரல்லதான் நிறைய. சாப்பாட்டுல கூட வந்தா கல்லீரல் தன் வேலையைக் குறைச்சுக்கும். வரலைன்னா கூட்டிக்கும்."

"அப்போ அவர் விட விட..."

"கொஞ்சம் இறங்கும், எல்லாருக்கும்போல. ஆனா இவருக்கு அது எந்த மூலைக்கு?"

"மிச்சமானதை உடம்பு எரிச்சுடாதா?"

"சர்க்கரை மாதிரி எரிக்க முடியாது. அதை உடைக்க உடம்புக்குப் பெரிசா இருக்கறது ஒரே வழிதான். கல்லீரல் அதைப் பித்தமா மாத்திக் குடலுக்கு அனுப்பும். அந்தப் பித்தத்துலயும் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிடும். வெளியே போறது கொஞ்சம்தான்." அவள் ஒரு காகிதத்தைத் தட்டினாள். "இந்த மாதிரிக் குடும்பங்கள்ல, ரத்தத்துல இவ்வளவு இருக்குன்னே உடம்புக்குத் தெரியறதில்லை. பிறவியிலேயே அப்படி. ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை. அவர் பட்டினி கிடந்து செத்தாலும் இது இறங்காது."

நான் காகிதங்களை எடுத்து அடுக்கப் போனேன்.

"சரி, இது எப்படி இறங்குச்சு?" என்றாள். அவள் விரல் முந்நூற்றுப் பத்தின் மேல் இருந்தது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், அந்த அம்மாள் வாசலில் நின்றதிலிருந்து. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள். "நீங்கதான் சொல்லணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். ஜன்னல் ஓர சீட்டிலிருந்து ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்ததும் அரைமணி நேரம் வண்டி நிற்கும். ரோட்டோரம் ஏதோ தொழிற்சாலைக்காகச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர் நிழலில் நின்று அவரிடம் சொன்னேன்.

"உள்ளயே செய்யுதா?" என்றார்.

"ஆமா."

"நான் துன்னாங்காட்டியும்?"

"துன்னாலும், துன்னாங்காட்டியும்."

"எங்க நைனாவுக்கு?"

"அவருக்கும் அதே. உங்க அண்ணனுக்கும்."

"அப்போ ஈரல்?"

"ஈரலால மட்டும் இல்லை. உங்க அண்ணி மேல தப்பு இல்லை."

அவர் சுவரில் கையை வைத்துக்கொண்டார். ஈரச் சிமென்ட் கையில் ஒட்டியது. துடைக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு மேல அவங்க மூஞ்ச பாக்கல நானு," என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "நில்லு சார். முந்நூத்திப் பத்து வந்துச்சே?"

"அது வரலை. நான் எழுதினது."

புரியாமல் பார்த்தார். மறுபடியும் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. அதுவரை அவரிடம் நான் கோபத்தையே பார்த்ததில்லை.

"ஏன்யா?"

"உங்க வீட்டம்மா அழுதாங்க..."

"அவ எழுதச் சொன்னாளா?"

"இல்லை. ஒரு வார்த்தை சொல்லலை. நானாத்தான் எழுதினேன்."

என் சட்டையைப் பிடித்தார். கட்டிகள் நெஞ்சில் அழுந்தின. அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் அடிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, "அவ ஊத்தல," என்றார். "ஒரு சொட்டுகூட ஊத்தல அவ." அதை மூன்று நான்கு தடவை சொன்னார். டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் என் பக்கமே வரவில்லை. திருவள்ளூரில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: "வியாயக்கெயம எனக்கு லீவு. பொதட்டூர்பேட்டைக்கு வா. இத அவகிட்ட நீயே சொல்லு."

வியாழக்கிழமை போனோம். அந்த அம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கையால் நெல்லைத் தள்ளிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஏழு வயது மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து அப்பாவின் தோல்பையைத் திறந்து விசிலைத் தேடியது. நான் முடித்ததும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம்தான் பேசினாள்.

"நான் சொன்னேன். அம்மன் மேல ஆணையா சொன்னேன். நம்பல நீ. இவரு ஒரு காயிதத்துல பொய்யா எழுதினாரு, அத நம்பினே. இப்ப இவரே வந்து பொய்யின்னு சொன்னாரு, அதியும் நம்பறே. எப்பதான் நான் சொல்றத நம்புவே?"

  பிறகு எழுந்து உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். "குடிங்க," என்றேன். வெகுநாளைக்குப் பிறகு மோர் குடித்தார்.

அறுவடை முடிந்த பிறகு அவள் திரும்பி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. அவருக்காக அடுப்பில் எதையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் கடைசிவரை அவர்தான் மூன்று பேருக்கும் சமைத்தார். அண்ணி வீட்டுக்கும் போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை.

லேடி டாக்டர் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். வெளிநாட்டில் ஒரு பொடி இருந்தது. பித்தத்தைக் குடலிலேயே பிடித்துத் திரும்ப உறிஞ்சவிடாமல் வெளியே தள்ளிவிடும். பித்தம் குறைந்துபோகவே கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதுப் பித்தம் செய்தாக வேண்டும். அவளோடு படித்த யாரோ ஊருக்கு வரும்போது ஒரு டின் கொண்டுவந்தார். தண்ணீரில் கலக்கினால் கரையாது. ஆற்று மணலைக் குடிப்பது மாதிரி இருக்கும் என்றார் கண்டக்டர். ஒருவேளைகூடத் தவறாமல் குடித்தார். டின் தீருகிறபோது வந்து ரத்தம் கொடுத்தார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்று முறை செய்து பார்த்தேன்.  ஓடிப்போய் அவரிடம் காட்டினேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவும் நீ எழுதினதா சார்?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் அவரை லேப்புக்குள் கூட்டிப்போய், பக்கத்தில் நிறுத்தி, நான்காவது முறையாகச் செய்து, முள்ளை அவர் கண்ணாலேயே பார்க்கவைத்தேன். அப்புறமும் அவருக்கு முழுசாக நம்பிக்கை வந்ததா என்று தெரியாது. டின் தீர்ந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. லேடி டாக்டர் எழுதிய கடிதங்களுக்கு, இங்கே இறக்குமதி இல்லை என்றே பதில் வந்ததாம். இரண்டு மாதத்தில் பழைய எண்ணுக்கே போய்விட்டது. எந்த வழியாக இறங்கும் என்று தெரிந்துவிட்டது, அந்த வழியில் போக முடியவில்லை. எதுவும் தெரியாமல் இருந்த நாட்களைவிட அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போகவில்லை. "வாயைக் கட்டினா எல்லாம் இறங்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் காலை அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வயதிருக்கும். பள்ளிக்கூட உடுப்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது வரக்கூடும் என்று லேடி டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தாள். மூன்று வருஷமாக அவர் அதைத் தள்ளிப்போட்டிருந்தார்.

"ஓடறப்ப குதிகால் நோவுதுன்னு சொல்லிச்சி சார்," என்றார். "எவ்ளோ வந்தாலும் உள்ளத எழுது. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

குழந்தை ஊசியைப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்நூற்று அறுபது வந்தது. அவர் முள்ளைப் பார்த்தார். நான் எழுதுகிறவரை பக்கத்திலேயே நின்றார். எழுதிய காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது பெரிய பொண்ணாவறதுக்குள்ள இங்க மருந்து வந்துடுமா சார்?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் என் வாய், "வந்துடும்," என்றது. அவர் என் கண்ணையே பார்த்தார். நான் இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை.

"மெய்யாலுமா?"

"வந்துடும் கண்டக்டர்."

தலையாட்டினார். "காலைலருந்து எதுவும் துன்னல இது. ஓட்டலுக்குக் கூட்டிக்கினு போறேன்," என்று சொல்லிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தக் குழந்தைக்கு அவர் எதையுமே விடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அளவாகச் சாப்பிடச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்கடுத்த சித்திரையில் பெரியபாளையம் ஸ்டாப்பில், கூட்டத்தை ஏற்றி முடித்து விசில் கொடுத்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பாவைப் போலத்தான். டிரைவர் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முப்பத்தொன்பது வயது. காரியத்துக்குப் போயிருந்தேன். கட்டிகளைக் கண்டு ஒதுங்கிய ஜனங்களில் எத்தனையோ பேர் அங்கே வந்திருந்தார்கள். அவர் மனைவி என்னிடம், "கடைசி நாளும் அவருதான் ஆக்கினாரு அண்ணா. ஒரு நாளாவது நான் ஆக்கிப் போட்டிருக்கலாம்," என்றாள். என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

மருந்து வந்தது. வர இன்னும் பதினைந்து வருஷத்துக்குமேல் ஆயிற்று. பித்தத்தைப் பிடிக்கிற பொடி இல்லை, கல்லீரல் செய்வதையே அடக்குகிற மாத்திரை. முதல் அட்டையைக் கடையில் பார்த்த அன்றைக்கே, என்னிடம் இருந்த ஒரே விலாசத்துக்கு, காரியத்துக்குப் பிறகு தாயும் மகளும் போயிருந்த பொதட்டூர்பேட்டைக்கு, போஸ்ட் கார்டு எழுதினேன். பத்து நாளில் அது என்னிடமே திரும்பி வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். பாட்டி இறந்த பிறகு தாயும் மகளும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆந்திரா பக்கம் என்றார் ஒருவர். பெண்ணுக்கு பெங்களூரில் கல்யாணம் ஆயிற்று என்றார் இன்னொருவர். புகுந்த வீட்டார் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கார்டை இப்போதும் வைத்திருக்கிறேன். தபால்காரர் சிவப்பு மையில், 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை' என்று எழுதியிருக்கிறார். பின்பக்கம் என் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது: 'மருந்து வந்துவிட்டது. உடனே புறப்பட்டு வரவும்.'